மைலுக்குக் கூலி, மணிக்கு இல்லை

அமெரிக்காவின் பெரிய லாரி நிறுவனம் ஒன்றில் புதிதாகச் சேரும் ஓட்டுநர், முதல் ஓராண்டு மாணவராகவும் தொழிலாளியாகவும் கடன்காரராகவும் ஒருசேர இருக்கிறார். ஓட்டக் கற்றுக்கொள்கிறார், கற்கும்போதே நிறுவனத்தின் சரக்கை மாநிலம் விட்டு மாநிலம் கொண்டுபோய்ச் சேர்க்கிறார், கற்றுக்கொடுத்த செலவை வேலை செய்தே கழிக்கிறார். முதலாண்டுச் சம்பளம் குறைவாக இருப்பது பயிற்சிக்கு அவர் தரும் விலை என்பது நிறுவனங்களின் விளக்கம். நீதிமன்றப் பதிவுகளையும் அரசு ஆய்வுகளையும் சேர்த்து வைத்துப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது. புதியவரின் நேரம் எந்தக் கணக்கிலும் முழுதாக ஏறுவதில்லை. எத்தனை மணி நேரம் பயிற்சி தர வேண்டும் என்று சட்டம் சொல்வதில்லை. எத்தனை மணி நேரம் உழைத்தார் என்று சம்பளச் சீட்டு கேட்பதில்லை.

அமெரிக்க லாரித் தொழிலில் இரண்டு பெரும் கிளைகள் உண்டு. பல வாடிக்கையாளர்களின் சில்லறைச் சரக்கை ஒரே வண்டியில் சேர்த்து, ஊருக்கு ஊர் கிடங்கு வைத்துப் பிரித்து அனுப்புவது ஒன்று. அங்கே ஓட்டுநர்கள் பெரும்பாலும் அன்றாடம் வீடு திரும்புவார்கள், சம்பளமும் பரவாயில்லை. ஆனால், அனுபவம் இல்லாதவருக்கு அங்கே இடம் கிடைப்பது அரிது. ஒரே வாடிக்கையாளரின் சரக்கை டிரெய்லர் முழுக்க ஏற்றி, ஏற்றிய இடத்திலிருந்து இறக்கும் இடத்துக்கு நேராக ஓட்டிப்போவது மற்றொன்று. ஃபீனிக்ஸ் நகரின் ஸ்விஃப்ட், ஒமாஹாவின் வெர்னர், மிசௌரி மாநிலம் ஸ்பிரிங்ஃபீல்டின் பிரைம், சால்ட் லேக் சிட்டியின் சி.ஆர்.இங்கிலாந்து, ஐயோவாவின் சி.ஆர்.எஸ்.டி. ஆகியவை இந்த இரண்டாம் கிளையில் வளர்ந்தவை. ஓட்டுநர் வாரக்கணக்கில் லாரியிலேயே குடியிருப்பார். ஆண்டு முழுவதும் புதியவர்களை எடுத்துக்கொண்டே இருப்பதும், அதற்கெனச் சொந்தமாகப் பள்ளி நடத்துவதும் பெரும்பாலும் இவைதான். ஆகவே, புது ஓட்டுநரின் சம்பளம், பயிற்சி என்ற பேச்சு, நடைமுறையில் இந்தக் கிளையைப் பற்றிய பேச்சாகவே இருக்கிறது.

மைதானமும் தேர்வும்

விண்ணப்பித்தவரை நிறுவனமே பஸ் டிக்கெட் அனுப்பி டெர்மினலுக்கு வரவழைப்பது வழக்கம். மலிவான மோட்டலில் இருவருக்கு ஓர் அறை. மருத்துவப் பரிசோதனை, போதைப்பொருளுக்கான சிறுநீர்ச் சோதனை, கையெழுத்துப் போட ஒரு கட்டு காகிதம். பழகுநர் உரிமம் கைக்கு வந்து 14 நாள் ஆன பிறகே ஓட்டுநர் தேர்வுக்குப் போக முடியும். இடைப்பட்ட நாள்களில் மைதானத்தில் ஆரஞ்சு நிறக் கூம்புகளுக்கு நடுவே டிரெய்லரைப் பின்னோக்கி எடுக்கப் பழகுகிறார்கள். டிரெய்லரின் நீளம் 53 அடி. ரிவர்ஸில் ஸ்டியரிங்கை வலப்பக்கம் திருப்பினால் டிரெய்லரின் வால் இடப்பக்கம் போகும். கார் ஓட்டிப் பழகிய கைக்கு இது பிடிபடவே பல நாள் ஆகும். பத்துப் பேருக்கு ஒரு லாரி என்றால், நாளில் பெரும்பகுதி வெயிலில் நின்று மற்றவர் ஓட்டுவதைப் பார்ப்பதிலேயே போய்விடும்.

தேர்வு மூன்று பகுதி. வண்டியைச் சுற்றிவந்து பாகம் பாகமாகப் பெயர் சொல்லிச் சோதிப்பது, மைதானத்தில் வண்டியைக் கட்டுப்படுத்திக் காட்டுவது, சாலையில் ஓட்டுவது. முதல் பகுதியில் ஏர் பிரேக் சோதனைதான் பலரைக் கவிழ்க்கிறது. எஞ்சினை நிறுத்திவிட்டுச் சாவியை மட்டும் திருப்பி வைத்து, பிரேக் மிதியை அமுக்கி அமுக்கிக் காற்றை இறக்க வேண்டும். அழுத்தமானி 60-ஐ ஒட்டி இறங்கும்போது எச்சரிக்கை ஒலி வர வேண்டும். 45-க்கும் 20-க்கும் இடையில் பார்க்கிங் பிரேக் குமிழ் தானாக வெளியே துள்ள வேண்டும். இதைச் செய்துகாட்டுவதோடு, ஒவ்வொரு படியையும் தேர்வாளர் முன் வாயால் சொல்லவும் வேண்டும். ஒரு படி விட்டுப்போனால் அன்றைய தேர்வு அதோடு முடிந்தது.

சரக்கோடு சேர்த்து 80,000 பவுண்டு, அதாவது 36 டன்னுக்கு மேல் எடையுள்ள வண்டியை ஓட்ட அமெரிக்கச் சட்டம் என்ன பயிற்சி கேட்கிறது என்பது இதைவிடச் சுவாரஸ்யமான விஷயம். வணிக வாகனங்களுக்கு நாடு முழுவதற்கும் ஒரே தரத்தில் உரிமம் என்பதை 1986-ஆம் ஆண்டுச் சட்டம் கொண்டுவந்தது. 1992 ஏப்ரல் 1 முதல் அது கட்டாயமானது. தேர்வு கட்டாயமானதே தவிர, பயிற்சி ஆகவில்லை. 2004-இல் வந்த விதி, புதியவர்களுக்கு 10 மணி நேரப் பாடம் என்றது. அந்தப் பாடத்தில் ஓட்டுநர் தகுதி, வேலை நேர விதிகள், உடல்நலம், முறைகேட்டைப் புகார் செய்பவருக்குள்ள பாதுகாப்பு ஆகியவை இருந்தன. வண்டி ஓட்டுவது மட்டும் இல்லை. வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2005-இல் இதை ஏற்க மறுத்துத் திருப்பி அனுப்பியது.

நாடாளுமன்றம் 2012-இல் மீண்டும் உத்தரவிட்டது. 2016-இல் வெளியான முன்மொழிவில், கனரக லாரிக்குக் குறைந்தது 30 மணி நேரம் ஸ்டியரிங் பிடித்துப் பழக வேண்டும் என்ற வரி இருந்தது. அதே ஆண்டு இறுதியில் வந்த விதியில் அந்த வரி காணாமல் போயிருந்தது. 2022 பிப்ரவரி 7 முதல் நடைமுறையில் இருப்பது அந்த விதிதான். பாடத்தில் 80 சதவீத மதிப்பெண் வேண்டும். ஓட்டுவதில் தேர்ச்சி பெற்றுவிட்டார் என்று பயிற்சியாளர் கருதினால் போதும், மணிக்கணக்கு கிடையாது. முடிதிருத்துவதற்கு உரிமம் தர 1,000 மணி நேரத்துக்குக் குறையாத பயிற்சியைக் கேட்கும் மாநிலங்கள் பல அதே நாட்டில் இருக்கின்றன.

பயிற்சி நிலையங்களைப் பதிவேட்டில் சேர்ப்பதும் இதே தாராளத்தோடு நடந்தது. விதிகளைப் பின்பற்றுகிறோம் என்று நிலையமே உறுதிமொழி கொடுத்தால் பெயர் ஏறிவிடும். அதன் பலன் 2025 டிசம்பரில் தெரிந்தது. தரம் இல்லை என்று ஏறத்தாழ 3,000 நிலையங்களை நீக்கப்போவதாகவும், இன்னும் 4,500 நிலையங்களுக்கு எச்சரிக்கை அனுப்புவதாகவும் போக்குவரத்துத் துறை அறிவித்தது. பெரிய நிறுவனங்களின் சொந்தப் பள்ளிகள் இப்படிப்பட்ட லெட்டர்பேடு நிலையங்களைவிட மேல் என்பதில் சந்தேகமில்லை. கற்றுக்கொண்டவரின் கையில் தங்கள் வண்டியையே கொடுக்கப்போகிறவர்கள், எதையாவது கற்றுக்கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

முன் இருக்கையும் பின் படுக்கையும்

உரிமம் வாங்கியதும் உண்மையான பயிற்சி தொடங்குகிறது. புதியவரை ஒரு பயிற்றுநரின் லாரியில் ஏற்றிவிடுவார்கள். சில வாரங்களோ, குறிப்பிட்ட மைல் கணக்கு முடியும் வரையோ இருவரும் அந்த ஒரே கேபினில் வாழ வேண்டும். இரண்டு இருக்கைகள், அவற்றுக்குப் பின்னால் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு படுக்கைகள், முன்பின் தெரியாத இரண்டு பேர். மலைச் சரிவில் கியரைக் குறைத்து இறங்குவது, பக்கக் காற்றில் காலி டிரெய்லரைப் பிடித்து ஓட்டுவது, நள்ளிரவில் நிரம்பி வழியும் லாரி நிறுத்தத்தில் இடம் தேடுவது, கிடங்கின் குறுகலான டாக்கில் பின்னோக்கிச் செருகுவது எல்லாம் இங்கேதான் கற்க வேண்டியவை. மைதானத்தில் கூம்புகளுக்கு நடுவே இவற்றில் எதுவும் வருவதில்லை.

இந்தக் கட்டத்தைப் பற்றித்தான் மத்திய விதிகள் வாயே திறப்பதில்லை. உரிமத்துக்கு முந்தைய பயிற்சியைத் தருபவருக்கு இரண்டு ஆண்டு அனுபவம் வேண்டும் என்று சொல்லும் விதி, உரிமத்துக்குப் பிந்தைய பயிற்றுநரைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. பழகுநர் உரிமம் மட்டும் உள்ளவர் ஓட்டும்போது, உரிமம் பெற்றவர் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருக்க வேண்டும். முழு உரிமம் கிடைத்த மறுநாளே அந்தக் கட்டாயம் போய்விடுகிறது. பயிற்றுநர் பின்னால் போய்ப் படுத்துக்கொள்ளலாம்.

அவர் படுக்கைக்குப் போவதில் நிறுவனத்துக்கு லாபம் இருக்கிறது. ஓட்டுநர் ஒருவர் ஒரு நாளில் 14 மணி நேர வேலைப் பொழுதுக்குள் 11 மணி நேரம் மட்டுமே ஓட்டலாம். பிறகு 10 மணி நேரம் ஓய்வெடுக்க வேண்டும். அவர் தனியாக இருந்தால் வண்டி பாதி நாள் நின்றுவிடும். இருவர் மாறி மாறி ஓட்டினால் வண்டி நிற்கவே வேண்டாம். லாரி ஓடும் மைல் முழுவதற்கும் பயிற்றுநருக்குக் கூலி தரும் ஏற்பாடு பல நிறுவனங்களில் உண்டு. ஆகவே, மாணவர் கூடுதலாக ஓட்ட ஓட்டப் பயிற்றுநரின் வருமானமும் கூடுகிறது. கற்றுக்கொடுப்பதற்காக முன்னால் விழித்திருப்பவருக்கு இதில் தனியாக எதுவும் கிடைப்பதில்லை.

2014 டிசம்பர் 30 அன்று டெக்சஸ் மாநிலம் ஒடெசா அருகே, 20-ஆம் எண் நெடுஞ்சாலையில் உறைபனி படர்ந்திருந்தது. எதிர்த்திசையில் வந்த பிக்கப் வண்டி ஒன்று சறுக்கி, நடுத்திட்டைத் தாண்டி வெர்னர் நிறுவன லாரியின் எதிரே வந்துவிட்டது. பிக்கப்பில் இருந்த 7 வயதுச் சிறுவன் இறந்தான். அவனுடைய 12 வயது அக்காவுக்குக் கைகால்கள் செயலிழந்தன. மணிக்குச் சுமார் 50 மைல் வேகத்தில் லாரியை ஓட்டிக்கொண்டிருந்தவர் பயிற்சி ஓட்டுநர். அவருடைய மேற்பார்வையாளர் பின்னால் படுக்கையில் இருந்தார். 2018-இல் ஹூஸ்டன் ஜூரி ஏறத்தாழ 9 கோடி டாலர் இழப்பீடு விதித்தது. 2025 ஜூனில் டெக்சஸ் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. பிக்கப் கட்டுப்பாடு இழந்து எதிர்த்தடத்துக்கு வந்ததே விபத்துக்கு நேரடிக் காரணம், லாரியின் வேகம் அல்ல என்பது அந்தத் தீர்ப்பு. இழப்பீட்டுச் சட்டத்தின்படி அது சரியான முடிவாகவே இருக்கலாம். பனி படர்ந்த சாலையில் புதியவர் ஓட்டும்போது பயிற்றுநர் எங்கே இருக்க வேண்டும் என்ற கேள்விக்கு அங்கே பதில் தேட இடமில்லை. அதற்குப் பதில் சொல்ல வேண்டிய விதி இன்னும் எழுதப்படவில்லை.

எழுத முடியாத விதி அல்ல அது. மாநிலம் விட்டு மாநிலம் ஓட்ட 21 வயது ஆக வேண்டும். 18 முதல் 20 வயதுள்ளவர்களைச் சோதனை முறையில் அனுமதிக்க 2021-ஆம் ஆண்டு உள்கட்டமைப்புச் சட்டம் ஒரு திட்டம் வகுத்தபோது, முதலில் 120 மணி நேரம், பிறகு 280 மணி நேரம், அனுபவமுள்ள ஓட்டுநர் பக்கத்து இருக்கையில் இருக்க வேண்டும் என்று தெளிவாக எழுதினார்கள். இருபது வயதுக்காரருக்கு 400 மணி நேரம். இருபத்தொன்று ஆகிவிட்டால் ஒரு மணி நேரம்கூட இல்லை. திட்டத்தில் 3,000 பேருக்கு இடமிருந்தும் சேர்ந்தவர்கள் சொற்பம்.

மைல் கணக்கு

சம்பளத்துக்கு வருவோம். நெடுந்தூர ஓட்டுநருக்குக் கூலி மைல் கணக்கில். பயிற்சிக் காலத்தில் வாரத்துக்கு இவ்வளவு என்று ஒரு நிலையான தொகை தருவார்கள். தனி லாரி கொடுத்த பிறகு மைல் கூலி தொடங்கும். இந்த முறையின் வேர் 1930-களில் இருக்கிறது. 1938-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் வாரம் 40 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்தால் ஒன்றரை மடங்கு கூலி என்றது. ஓட்டுநர்களின் வேலை நேரத்தை 1935-ஆம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துச் சட்டப்படி வேறோர் ஆணையம் கவனித்துக்கொள்ளும் என்று சொல்லி அவர்களை அதிலிருந்து விலக்கிவிட்டார்கள். அந்த ஆணையம் 1995-இல் கலைக்கப்பட்டுவிட்டது. விலக்கு இன்றும் நீடிக்கிறது.

நெடுங்காலம் இதனால் பெரிய பாதகம் வரவில்லை. டீம்ஸ்டர்ஸ் தொழிற்சங்கம் வலுவாக இருந்தது. அதன் தலைவர் ஜிம்மி ஹோஃபா 1964-இல் நாடு முழுவதற்கும் ஒரே சம்பள ஒப்பந்தத்தைக் கொண்டுவந்தார். லாரி ஓட்டுவது நடுத்தர வர்க்க வேலையாக இருந்தது. 1980-இல் அதிபர் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம் கட்டணக் கட்டுப்பாடுகளைத் தளர்த்தியது. புதிய நிறுவனங்கள் சங்கம் இல்லாமல் முளைத்தன, கட்டணம் சரிந்தது, அந்தச் சரிவு ஓட்டுநர் தலையில் இறங்கியது. இதை விரிவாக ஆராய்ந்த பொருளாதார அறிஞர் மைக்கேல் பெல்சர், 2000-இல் வெளியிட்ட நூலில் அந்த லாரிகளைச் சக்கரம் வைத்த வியர்வைக் கூடங்கள் என்றே அழைத்தார்.

மைல் கூலி எப்படி வேலை செய்கிறது என்பதை ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மைலுக்கு 50 சென்ட், வாரம் 2,000 மைல் என்று வைத்துக்கொண்டால் 1,000 டாலர். கேட்க நன்றாக இருக்கிறது. அதற்காக அவர் வண்டி ஓட்டியும், டீசல் போட்டும், வண்டியைச் சோதித்தும், கிடங்கில் காத்திருந்தும் செலவழித்தது 70 மணி நேரம் என்றால் மணிக்கு 14 டாலர் சில்லறை. அந்த வாரம் ரேடியேட்டர் பழுதாகிப் பட்டறையில் இரண்டு நாள் நின்று 1,200 மைல்தான் ஓடியது, மற்றபடி அதே 70 மணி நேரம் போனது என்றால் மணிக்கு 8.57. மத்திய அரசின் குறைந்தபட்சக் கூலி 2009 ஜூலையிலிருந்து 7.25 டாலரிலேயே நிற்பதால், இதுவும் சட்டப்படி சரி. நிறுவனம் மொத்தத் தொகையை மொத்த மணி நேரத்தால் வகுத்துக் காட்டினால் போதும்; காத்திருந்த நேரத்துக்கென்று தனியாகத் தர வேண்டியதில்லை. மைல் என்பதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. பல நிறுவனங்கள் கூலிக்கு எடுத்துக்கொள்வது வண்டி ஓடிய மைலை அல்ல, வீட்டுச் சாமான் இடமாற்றத்துக்காக எப்போதோ தயாரிக்கப்பட்ட தூரப் பட்டியலில் ஓர் ஊருக்கும் இன்னோர் ஊருக்கும் இடையே குறித்திருக்கும் மைலை. மீட்டரில் ஏறுவதைவிட அது பெரும்பாலும் குறைவாகவே இருக்கும்.

காத்திருப்புதான் இதில் பெரிய ஓட்டை. கிடங்கில் லோடு ஏற்றவும் இறக்கவும் இரண்டு மணி நேரம் இலவசம் என்பது தொழில் மரபு. அதற்கு மேலும் நான்கு, ஐந்து மணி நேரம் ஆவது சாதாரணம். போக்குவரத்துத் துறையின் தலைமை ஆய்வாளர் அலுவலகம் 2018-இல் வெளியிட்ட அறிக்கை, இந்தத் தாமதத்தால் டிரெய்லர் முழுக்கச் சரக்கு ஏற்றும் கிளையின் ஓட்டுநர்கள் ஆண்டுக்கு 110 கோடி முதல் 130 கோடி டாலர் வரை இழப்பதாக மதிப்பிட்டது. சராசரிக் காத்திருப்பு 15 நிமிடம் கூடினால் விபத்து விகிதம் 6.2 சதவீதம் கூடுகிறது என்பதும் அதே அறிக்கையில் உண்டு. போன நேரத்தை வேகத்தில் பிடிக்கப் பார்ப்பார்கள் என்பது ஊகிக்கக்கூடியதே. பழகிய ஓட்டுநருக்கு எந்தக் கிடங்கு இழுத்தடிக்கும், எந்த லோடைத் தட்டிக்கழிக்கலாம் என்று தெரியும். லோடு ஒதுக்கும் டிஸ்பேட்சரிடம் வாதாடவும் தெரியும். புதியவருக்கு இரண்டும் தெரியாது. டாக்கில் செருகவே அவருக்கு முக்கால் மணி நேரம் ஆகிறது. அதே மைலுக்கு அவர் கூடுதல் மணி நேரம் செலவழிக்கிறார். அவருடைய மைல் விலையோ எல்லோரையும்விடக் குறைவு.

2017 டிசம்பர் முதல் லாரிகளில் மின்னணுப் பதிவுக் கருவி கட்டாயம். வண்டி ஓடும் ஒவ்வொரு நிமிடமும் எஞ்சினிலிருந்து நேராகப் பதிவாகிறது. கிடங்கில் நிற்கும் நேரத்தை வேலை நேரம் என்று குறித்தால் எட்டு நாளுக்கு 70 மணி என்ற வரம்பிலிருந்து அது கழிந்துவிடும். அப்புறம் மைல் ஓட்ட நேரம் இருக்காது. எனவே, காத்திருப்பை ஓய்வு என்று குறித்துக்கொள்வது ஓட்டுநர்களின் பழக்கமாகிவிட்டது. கூலி இல்லாத நேரத்தை அவரே ஏட்டிலும் இல்லாமல் ஆக்கிக்கொள்கிறார்.

மைல் முறைக்கு ஆதரவாகச் சொல்ல எதுவும் இல்லை என்பதல்ல. நல்ல பாதை, நல்ல வாடிக்கையாளர் அமைந்த அனுபவசாலிக்கு மணிக்கூலியைவிட இது லாபம். மணிக்கூலி கொடுத்தால் வேண்டுமென்றே உருட்டிக்கொண்டு போவார்கள் என்ற முதலாளி தரப்பு அச்சமும் ஒரு காலத்தில் நியாயமானதாக இருந்திருக்கலாம். வண்டி எந்த நிமிடம் எங்கே நிற்கிறது என்பதை அலுவலகத் திரையில் பார்க்க முடிகிற இன்று, அந்த வாதத்தில் வலுவில்லை.

நீதிமன்றங்களின் கணக்கு

பயிற்சிக் கால நேரத்துக்குக் கூலி உண்டா என்ற கேள்வி பலமுறை நீதிமன்றம் ஏறியிருக்கிறது. தொழிலாளர் துறையின் விதிப்படி, 24 மணி நேரமும் பணியில் இருப்பவரின் தூக்கத்துக்காக 8 மணி நேரம் வரை கழிக்கலாம். இருவர் ஓட்டும் லாரியில், ஓடிக்கொண்டிருக்கும் வண்டியின் பின்படுக்கையில் கிடக்கும் மற்ற நேரம் யாருடையது? ஆர்கன்சா மாநிலத்தின் பி.ஏ.எம். நிறுவன வழக்கில் 2018-இல் மத்திய நீதிமன்றம், 8 மணி நேரத்துக்கு மேற்பட்டதெல்லாம் வேலை நேரமே என்றது. நிறுவனம் 2020-இல் 1.65 கோடி டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது. இதற்கிடையே 2019-இல் தொழிலாளர் துறை, படுக்கை நேரம் ஓட்டுநரின் சொந்த நேரம் என்று நேர்மாறாகக் கருத்துக் கடிதம் வெளியிட்டது. சி.ஆர்.எஸ்.டி. நிறுவனத்துக்கு எதிரான வழக்கில் 2023 டிசம்பரில் முதல் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தக் கடிதத்தை ஒதுக்கிவிட்டு ஓட்டுநர் பக்கம் நின்றது. விரும்பினாலும் இறங்கிப்போக முடியாத வண்டியில், உலுக்கும் படுக்கையில், அந்நியர் ஒருவர் ஓட்டக் கிடப்பதைச் சொந்த நேரம் என்று சொல்வது கடினம்தான்.

இவற்றில் உச்ச நீதிமன்றம் வரை போனது பிரைம் நிறுவன வழக்கு. வழக்குத் தொடுத்த ஓட்டுநரின் கூற்றுப்படி, முதல் 10,000 மைலைப் பயிற்சி என்ற பெயரில் சம்பளமே இல்லாமல் ஓட்டினார்; அடுத்த 30,000 மைலுக்குக் கிடைத்தது மணிக்குச் சுமார் 4 டாலர். பிறகு ஊழியராக இருப்பதைவிடச் சுயதொழில் ஒப்பந்ததாரராக மாறினால் நிறையச் சம்பாதிக்கலாம் என்று சொல்லி, லாரியைக் குத்தகைக்குக் கொடுத்தார்கள். தவணையும் டீசலும் கழிந்த பின் சில வாரம் சீட்டில் மிச்சமே இல்லை. கூட்டு வழக்குப் போட முடியாது, தனிநபர் மத்தியஸ்தத்துக்குத்தான் வர வேண்டும் என்று ஒப்பந்தத்தைக் காட்டியது நிறுவனம். 2019 ஜனவரி 15 அன்று உச்ச நீதிமன்றம் எட்டுக்குப் பூஜ்யம் என்று அதை நிராகரித்தது. 1925-ஆம் ஆண்டு மத்தியஸ்தச் சட்டத்தில் போக்குவரத்துத் தொழிலாளர்களுக்கு உள்ள விலக்கு, ஒப்பந்ததாரர் என்று பெயர் சூட்டப்பட்டவருக்கும் பொருந்தும் என்று நீதிபதி கோர்சச் எழுதினார். 2020-இல் நிறுவனம் 2.8 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது.

பெண்களுக்கு இதே நிறுவனத்தில் இன்னொரு தடையும் இருந்தது. பெண் மாணவிக்குப் பெண் பயிற்றுநர்தான் என்று விதி வைத்திருந்தார்கள். சிறு கேபினில் நடக்கக்கூடிய துன்புறுத்தலை நினைத்தால் விதி நல்லெண்ணத்தில் வந்ததுபோலவே தெரியும். ஆனால், பெண் பயிற்றுநர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுக்கே இருந்ததால், ஆண்கள் உடனே வண்டி ஏறியபோது பெண்கள் மாதக்கணக்கில் வீட்டில் காத்திருந்தார்கள். சிலருக்கு ஒன்றரை ஆண்டு. காத்திருப்புக்குக் கூலி கிடையாது. 2014-இல் நீதிமன்றம் இது பாகுபாடு என்றது. 2016-இல் 31 லட்சம் டாலருக்கு வழக்கு முடிந்தது.

கடனும் குத்தகையும்

இலவசப் பயிற்சி என்று விளம்பரத்தில் வருவது பெரும்பாலும் கடனாகவே இருக்கிறது. பள்ளிக் கட்டணமாகச் சில ஆயிரம் டாலரை ஒப்பந்தத்தில் எழுதி, ஓராண்டு அளவுக்கு வேலை செய்தால் தள்ளுபடி, முன்பே விலகினால் மொத்தமும் உடனே கட்ட வேண்டும் என்பார்கள். வட்டியும் சேரும், வசூல் ஏஜென்சிக்கும் போகும். வேலை கொடுத்தவருக்கே கடன்படும் இந்த முறையைப் பற்றி நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்பு 2022-இல் விசாரணை தொடங்கியது. ஒப்பந்தக் காலத்தில் இருக்கும் ஓட்டுநரை வேறு நிறுவனம் எடுத்துக்கொள்வதையும் பள்ளி நடத்தும் நிறுவனங்கள் எளிதில் விடுவதில்லை. தன்னிடம் பயின்றவர்களை எடுத்ததற்காக ஸ்விஃப்ட் மீது சி.ஆர்.எஸ்.டி. தொடுத்த வழக்கில், ஜூரி 2019-இல் 1.55 கோடி டாலர் விதித்தது. மேல்முறையீட்டில் 2021-இல் அது ரத்தானது. ஒரு புது ஓட்டுநரின் முதலாண்டு உழைப்பு நிறுவனத்துக்கு எவ்வளவு பெறும் என்பதற்கு அந்த வழக்கைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. பயிற்சிச் செலவை மட்டும் திரும்பப் பெறுவதாக இருந்தால் பள்ளிக் கட்டணத்தோடு விஷயம் முடிந்திருக்கும்.

ஆண்டு முடிந்ததும் அடுத்து வருவது குத்தகைக்கு எடுத்துச் சொந்தமாக்கும் திட்டம். லாரி நிறுவனத்தினுடையது, லோடு நிறுவனத்தினுடையது. தவணை, டீசல், டயர், காப்பீடு மட்டும் ஓட்டுநருடையவை. ஸ்விஃப்ட் நிறுவனத்தில் இப்படி ஓட்டியவர்கள் பத்தாண்டு நடத்திய வழக்கு 2019-இல் 10 கோடி டாலர் சமரசத்தில் முடிந்தது. இத்திட்டங்களை ஆராய மத்திய அரசு அமைத்த பணிக்குழு 2025 ஜனவரியில் அறிக்கை தந்தது. திருத்தங்கள் பரிந்துரைப்பார்கள் என்று எதிர்பார்த்த இடத்தில், இவற்றை நாடாளுமன்றம் தடையே செய்ய வேண்டும் என்று எழுதினார்கள்.

தட்டுப்பாடு என்ற வாதம்

இவ்வளவுக்கும் பின்னணியில் ஒலிப்பது ஓட்டுநர் தட்டுப்பாடு என்ற பல்லவி. அமெரிக்க டிரக்கிங் சங்கம் 2021-இல் 80,000 ஓட்டுநர்கள் குறைகிறார்கள் என்றது. அதே சங்கத்தின் கணக்கில்தான், பெரிய நிறுவனங்களில் ஆண்டுக்கு நூறு இடத்துக்குத் தொண்ணூறுக்கு மேல் ஆள் மாறுகிற ஆண்டுகள் பல வந்திருக்கின்றன. ஸ்டீஃபன் பர்க்ஸ், கிறிஸ்டன் மோனகோ என்ற இரு பொருளாதார ஆய்வாளர்கள் 2019-இல் தொழிலாளர் புள்ளியியல் துறையின் இதழில் எழுதிய கட்டுரை, இந்தச் சந்தையும் மற்ற வேலைச் சந்தைகளைப் போலத்தான் இயங்குகிறது, சம்பளம் உயர்ந்தால் ஆள் வருவார்கள் என்று முடிந்தது. பென்சில்வேனியா பல்கலைக்கழகச் சமூகவியலாளர் ஸ்டீவ் விசெல்லி தாமே பெரிய நிறுவனம் ஒன்றில் பயிற்சி பெற்று, மாதக்கணக்கில் லாரி ஓட்டிவிட்டு 2016-இல் ஒரு நூல் எழுதினார். ஆள் ஓடிப்போவது இந்த நிறுவனங்களுக்கு விபத்தல்ல, அதை வைத்துத்தான் தொழில் நடக்கிறது என்பதே அவர் கண்டது. பழையவர்களைத் தக்கவைக்கச் சம்பளம் உயர்த்துவதைவிட, புதியவர்களைத் தொடர்ந்து எடுத்துப் பழக்குவது மலிவாக இருக்கும் வரை, தட்டுப்பாடும் தொடரும்.

வேறு விதமாக நடத்த முடியும் என்பதற்கு உதாரணம் அந்நாட்டிலேயே இருக்கிறது. வால்மார்ட் தன் சொந்த லாரிகளுக்கான ஓட்டுநர்களின் முதலாண்டுச் சம்பளத்தை 2022-இல் 95,000 முதல் 1,10,000 டாலர் வரை உயர்த்தியது. தன் ஊழியர்களுக்கு 12 வாரப் பயிற்சி கொடுத்து, உரிமச் செலவையும் ஏற்று ஓட்டுநராக்கும் திட்டத்தை அதே ஆண்டில் தொடங்கியது. தொழிற்சங்கம் உள்ள யு.பி.எஸ். நிறுவனத்தில் டிரெய்லர் ஓட்டுபவர்களுக்கு மணிக்கூலி. பார்சல் பிரிவில் இருந்தவர்கள் பணிமூப்புப்படி அந்த இடத்துக்கு வருகிறார்கள். நாடு முழுவதும் கனரக லாரி ஓட்டுநர்களின் இடைநிலைச் சம்பளம் 2024 மே மாதக் கணக்குப்படி ஆண்டுக்கு 57,440 டாலர் என்பதோடு வால்மார்ட் தொகையை ஒப்பிட்டால் இடைவெளி புரியும். இவர்களுக்கு ஆள் கிடைக்கவில்லை என்ற பேச்சு எழுவதில்லை. ஒன்று மட்டும் உண்மை. இத்தகைய இடங்களில் வெளியிலிருந்து வந்து சேரும் ஓட்டுநர்களில் பலர், தங்கள் முதலாண்டை மேலே சொன்ன நிறுவனங்களில் ஏதோ ஒன்றில் கழித்துவிட்டு வந்தவர்கள்தான்.

சம்பள முறைக்கும் பாதுகாப்புக்கும் ஆள் நிலைப்பதற்கும் உள்ள தொடர்பை ஆராயும்படி 2021-ஆம் ஆண்டுச் சட்டம் தேசிய அறிவியல் கழகங்களைக் கேட்டது. 2024-இல் வந்த அறிக்கை, உறுதியான முடிவு சொல்லத் தேவையான தரவு இல்லை என்றது. அந்தத் தரவு லாரி நிறுவனங்களின் கணினிகளில் இருக்கிறது. கொடுக்கும்படி சொல்லும் சட்டம் இல்லை. 1938-ஆம் ஆண்டு விலக்கை நீக்கி, ஓட்டுநர்களுக்கும் மிகைநேரக் கூலி கிடைக்கச் செய்யும் மசோதா 2022 முதல் நாடாளுமன்றத்தில் திரும்பத் திரும்ப அறிமுகமாகியிருக்கிறது. இரு கட்சியினரும் அதற்குக் கையெழுத்திட்டிருக்கிறார்கள். எந்த அவையிலும் அது நிறைவேறவில்லை.